ஐந்தாவது பெயர் கூல்மணி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். கடல் பக்கத்தில் இருந்தும் காற்று பேருக்குக்கூட இல்லை. இந்த மாதிரி நாள் பார்த்துத்தான் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் எல்லா ஏசியும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். ஒரு ரூமில் ஒழுகல், இன்னொன்றில் கேஸ் காலி. ஞாயிறு லீவு என்பது காலண்டரில் மட்டும்.

செய்ய வேண்டியவை: மலருக்குக் கொத்தமல்லி. வண்டிக்குக் காற்று. சகலைக்கு வாழ்த்து.

முதல் இரண்டும் ஆச்சு.

சகலை தனசேகர், என் மனைவி மலரின் அக்கா புருஷன். கூடுவாஞ்சேரியில் சொந்த ஃப்ளாட். அவர் மகன் கிஷோர் போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமில் புலி. அவனைப் பெரிய லீக்கில் ஒரு டீம் எடுத்துக்கொண்டதாம். ஸ்டேட்டஸில் வரிசையாகப் போட்டோ. கிஷோர் கையெழுத்துப் போடுவது, புது ஜெர்சியோடு நிற்பது. கடைசி மூன்றில் கிஷோரே இல்லை, சகலை மட்டும். சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். போட்டிருக்கிறது.

நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். "சகல, எக்ஸ்க்ளூசிவ் காண்ட்ராக்ட். இனிமே அவன் வேற எங்கியும் ஆடக் கூடாது, தெரியுமா?" அந்த எக்ஸ்க்ளூசிவைக் கல்கண்டு மாதிரி வாயில் உருட்டினார். சந்தோஷம் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

இனி இந்த நோட்டில் அவர் பெயர் ச. முழுசாக எழுத மை வீண்.

வேறு எங்கும் என்பதில் என் மகள் அபியின் டீமும் சேர்த்தி. அது ச.வுக்கு உறைக்கவே இல்லை. அபி, ஜென்சி, சரண், கிஷோர், இந்த நாலு பேர்தான் ஈ.சி.ஆர். சுறா. கடற்கரை லீக் ஃபைனல் பதினேழாம் தேதி. சுறாவுக்கு இப்போது வால் இல்லை. அபி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அப்புறம் மீன் குழம்பு என்று தெரிந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாயங்காலம் இடி மட்டும். மழை மாமண்டூர் பக்கம் போய்விட்டது.

அபி தண்ணீர் கேன் மாற்றிக்கொண்டே விளக்கினாள். எனக்குப் புரிந்தது இவ்வளவு. இரண்டு பெரிய லீக் கைகோத்துக்கொண்டன. அங்கே கையெழுத்துப் போட்டவன் வெளியே போட்டி ஆடக் கூடாது, ப்ராக்டிஸ்கூடக் கூடாது. அடுத்த வருஷம் முதல் வெளியே ஜெயித்தவன் உள்ளே போகவும் முடியாது. கடற்கரை லீக்கில் ஜெயிக்கும் டீமுக்குப் பெரிய லீக்கின் தேர்வுப் போட்டியில் ஒரு சீட் உண்டு. அந்த சீட் இந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷம் கதவு சாத்தல்.

எங்கள் ரிசார்ட்டில் ஒரே கூல்டிரிங்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்களே, அந்த மாதிரி. மறுநாளே இளநீர்க்காரரை கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். இளநீர் என்ன பாவம் செய்தது?

ஆக, அபிக்கு இதுதான் கடைசி பஸ். அவள் பி.காம். ரெண்டாம் வருஷம். ப்ளஸ் டூவிலிருந்து இந்த சீட்டுக்காகத்தான் ஆடுகிறாள்.

அடுத்த குண்டு. லீக் ஆரம்பித்த பிறகு புது ஆள் சேர்க்க முடியாது. பதியும்போது கொடுத்த ஐந்து பெயரில்தான் நாலு பேர் ஆட வேண்டும். அந்த ஐந்தாவது பெயர் கூல்மணி.

கூல்மணி நான்தான். ஏசி மெக்கானிக் மணி. மகள் என்னதான் ஆடுகிறாள் என்று தெரிந்துகொள்ள போன வருஷம் கேமில் அந்தப் பெயரில் ஐ.டி. ஆரம்பித்தேன். ப்ளேனிலிருந்து குதித்துக் கால் தரையில் பட்டதும் செத்துப்போவேன். இடம் ரொப்ப அபி அந்தப் பெயரைப் போட்டிருக்கிறாள்.

"நான் இன்னாமா ஆடுறது?"

"நீ ஆட வேணாம் பா. சாவாம இரு. அது போதும்."

மலர் ஒரே சிரிப்பு. "இருவது வருசமா வூட்ல அதத்தான் பண்ணிகினு கீறாரு."

ஆகஸ்ட் 8, வெள்ளி

ப்ராக்டிஸ் நாலாம் நாள். முதுகு வலி. ஏணியில் ஏறினால் வராத வலி, நாற்காலியில் உட்கார்ந்தால் வருகிறது.

மைக்கில் யாரும் அப்பா இல்லை, அங்கிள் இல்லை. "கூல், ஒக்காரு. கூல், எழுந்துக்காத. கூல், அது நம்ம ஜென்சி, சுடாத." பெற்ற மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல். உள்ளுக்குள் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது: "கிஷோரா இருந்தா இந்நேரம் கார் எடுத்திருப்பான்." ஒரு மணி நேரத்தில் அபி நாலு தடவை, சரண் மூன்று தடவை. ஜென்சி சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும். நல்ல பெண்.

ஜெர்சி புதிதாக அடிக்க நேரமில்லையாம். கிஷோர் போட்டிருந்ததை எனக்குக் கொடுத்தார்கள். வயிற்றில் பிடிக்கிறது. முதுகில் பெரிதாக கிஷோர். அதன் மேல் ஏசி பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஒட்டினேன். மூன்று அடுக்கு. ஒரு அடுக்கே போதும்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அதிசயம். கூல்மணி ஸ்கோர் ஏறியிருக்கிறது. ஒரே ஆட்டத்தில் பதினான்கு பேரை அடித்திருக்கிறேன். எப்போது என்று நினைவில்லை. நேற்று கண் சொருகச் சொருக ஆடினேனே, அப்போதாக இருக்கும். சும்மாவா, சின்ன வயதில் கோலியில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

எலக்ட்ரீஷியன் பாபுவிடம் காட்டினேன். "அண்ணாத்த, நீ பெரிய ஆளுபா" என்றான். டீ அவன் கணக்கு.

ச.வுக்கும் படம் எடுத்து அனுப்பினேன். கூடவே ஒரு வரி: வயசு ஒரு தடை இல்லை சகல. உடனே பார்த்துவிட்டார். பதில் ஒரு கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலில் ஒரு வாட்டம் தெரிந்தது. மத்தியானம் தயிர் சாதம்கூட அமிர்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

அமிர்தம் புளித்தது.

மத்தியானம் ஏணியில் இருந்தபடி கேமைத் திறந்தேன். கூல்மணி ஏற்கெனவே உள்ளே ஆடிக்கொண்டிருந்தான். நான் ஏணியில், கூல்மணி காரில். ஓட்டுகிற தோரணையிலேயே தெரிந்துவிட்டது.

அபியைக் கேட்டதும் ஒப்புக்கொண்டாள். கிஷோர்தான். பாஸ்வேர்டு கொடுத்தது இவள். அவன் பெயரில் ஆடினால் மாட்டிக்கொள்வான் என்று என் பெயரில் வந்து இவர்களுக்கு ப்ராக்டிஸ் கொடுக்கிறான். "ஃபைனல்ல நீதான் பா ஆடுவ. இது சும்மா."

ஆக, பதினான்கு பேரை அடித்தது நான் இல்லை. பாபு டீ வாங்கிக் கொடுத்தது ச. மகனுக்கு. நான் ச.வுக்கு அனுப்பிப் பீற்றிக்கொண்டது ச. மகனின் ஸ்கோரை.

பெரிய லீக் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறும் ஆட்டக்காரரைப் பற்றித் தெரிந்தால் எழுதலாம், பெயர் வெளியே வராது. எழுதினேன். கிஷோர் பெயர், கூல்மணி ஐ.டி., எல்லாம். எழுத்துப்பிழைகூட இல்லாமல். ச. அந்தப் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழிப்பதை மனசில் ஓட்டிப் பார்த்தேன். சுகமாக இருந்தது.

அனுப்பவில்லை. நல்ல மனசு என்று எழுதிக்கொள்ளலாம். மலர் தோசை ஆறுகிறது என்று கத்தினாள். திரும்பி வருவதற்குள் பெட்டி தானாக மூடிக்கொண்டது. மறுபடி எழுதக் கை வரவில்லை.

ஆனால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கூல்மணி இனி எனக்கு எக்ஸ்க்ளூசிவ். அபிக்குப் பதிலாக ரூம் கதவு பேசியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செங்கல்பட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம். பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் மேடையில் நாற்காலி, மேஜை. சனத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். எதிரே உயரத்தில் பெரிய திரை. சனம் திரையைப் பார்க்கும், நாங்கள் போனைப் பார்க்க வேண்டும், நிமிரக் கூடாது. மண்டபத்து ஏசி என் முதுகிலேயே சொட்டியது. ஃபில்டரைக் கழுவி வருஷமாகியிருக்கும். கை துறுதுறுத்தது. "கூல், மேல பாக்காத" என்றாள் அபி.

உட்காரும் முன்பே பார்த்தேன், ச. வந்திருந்தார், கிஷோரோடு. நாலாவது வரிசை. கிஷோர் தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டிருந்தான். ச. எனக்குக் கை காட்டினார். நானும் பாதிக் கை காட்டினேன்.

கடைசி ஆட்டம். சரண் முதலில் போனான், பிறகு ஜென்சி. அபி இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுச் சாய்ந்தாள். மிச்சம் நான். நான் ஒரு மொட்டை மாடியில், ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். தொழில் பாசம். எதிர் டீமிலும் ஒரே ஆள். அவன் எனக்கு முன்னால் செத்தால் சீட் எங்களுக்கு. கேமில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நின்றால் சாவு. இப்போது என் மாடி உள்ளே, அவன் வெளியே. அவன் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும்.

அபி காதில் மெதுவாகச் சொன்னாள். "அப்டியே இரு பா. வரட்டும்." கூல் இல்லை, பா.

அப்போது போன் அடித்தது. என்னுடைய போன், நான் ஆடிக்கொண்டிருந்த அதே போன். மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்பது ரிசார்ட் சட்டம். பத்து வருஷமாக என் கட்டைவிரலுக்கு அதுதான் வேலை. யார் என்று பார்க்கும் முன்னே பச்சையை அழுத்திவிட்டது.

காதில் ச. குரல். "சகல, பின்னால படிக்கட்டு, படிக்கட்டுல வரான் பாரு."

அவர் நம்பருக்கு வைத்திருந்த படம், திருப்பதியில் மொட்டை போட்ட ச. முகம், போன் முழுக்க. அதைத் தள்ளிவிட்டுக் கேமுக்கு வந்தபோது கூல்மணி குப்புறக் கிடந்தான். பக்கத்தில் அவுட்டோர் யூனிட், நல்ல கண்டிஷனில்.

இரண்டாம் இடம். சீட் முதல் இடத்துக்கு மட்டும்.

போட்டி நடத்துகிற பையன் வந்து, போனில் யார் என்றான். அபியும் என்னையே பார்த்தாள். ச. பெயரைச் சொல்லியிருந்தால் வெளியிலிருந்து துப்புச் சொன்னதாக இரண்டாம் இடமும் போயிருக்கும். அது ஒரு காரணம். வருஷக்கணக்காக ச.வை மடக்க இப்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை. வந்தும் வாயில் வந்தது வேறு. "ஓட்டல் கம்ப்ளெய்ன்ட் பா."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் முதுகில் தலை சாய்த்தாள். ஜெர்சி ஏற்கெனவே ஈரம். ஏசித் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

லேசான தூறல். அபி இரண்டு நாள் கேமைத் திறக்கவில்லை. நானும் தொடவில்லை. வீடு வெறிச்.

ச. மட்டும் வந்தார். மலருக்குப் பூ, எங்களுக்கு மைசூர்பாகு. வாசலில் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். பிறகுதான் விஷயம். கிஷோரை அங்கே ஏழாவது ஆளாக வைத்திருக்கிறார்கள். ஆட விடவில்லை. இந்த சீசன் முழுக்க அப்படித்தானாம். வெளியே ஆடவும் வழியில்லை. உங்கள் ஐ.டி.யில் கொஞ்ச நாள் ஆடினான், இப்போது அதுவும் இல்லை, ரூமை விட்டு வருவதில்லை என்றார். ஆக, அவருக்குத் தெரியும். அந்தக் கட்டைவிரலின் வாட்டம் அதுதான்.

"அன்னிக்கி உன் முதுவுல டேப்பு ஊறி உரிஞ்சிடுச்சு சகல. கிஷோருன்னு எழுத்து தெரியுது. எம் புள்ளைதான் மேடையில ஆடுறான்னு ஒரு நெனப்பு. அவன் பின்னால ஒருத்தன் வரான். கை தானா போன அடிச்சிடுச்சு."



"நீ உம் பொண்ணு கூட மேடையில ஒக்காந்துட்ட. நான் நாலாவது வரிசையிலயே கீறேன்."

ச. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மைசூர்பாகை விட ருசி. ஒரு அரை நிமிஷம்தான் இருந்தது, அப்புறம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் உள்ளே போய் அபியிடம் அந்த போன் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டார். அபி மைசூர்பாகில் ஒரு துண்டை எடுத்தாள். பிறகு, "பெரியப்பா, அடுத்த தபா போன வூட்லயே வெச்சிட்டு வா" என்றாள். அடுத்த தடவை என்று அவள் வாயில் வந்ததை மலர்தான் முதலில் கவனித்தாள். அடுப்படியிலிருந்து எனக்குக் கண் காட்டினாள்.

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் ஒரு ஓபன் கப். சீட் கிடையாது, கதவு கிடையாது, ஒரு கோப்பை மட்டும். நாலாவது பெயர் போட்டாச்சாம்.

"யாரு?"

"நீதான் பா."

பாஸ்வேர்டை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி அபி டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எடுத்துக்கொண்டாள். யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில். நீச்சல்குளத்துப் பக்கம் இரண்டு யூனிட் சர்வீஸ். ஏணியில் இருந்தேன். கீழே பாபு கையில் என் போன்.

"அண்ணாத்த, பதினேழு பேர அடிச்சிகீற. எப்போ அடிச்ச?"

ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே, எல்லாம் ப்ராக்டிஸ்தான் பாபு என்றேன். டீ அவன் கணக்கு.