சிவப்புத் துணி கட்டிய கேன்

4.3.2003, செவ்வாய்

பகல் முழுவதும் அண்ணன் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து கையை நீட்டினால், எந்த ஸ்பானர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பேன். அண்ணனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதமாக அந்தக் கை வேறு பக்கம் நீள்கிறது.

மலர்கொடி என்னைவிட ஒரு வயது சின்னவள். அண்ணி என்று கூப்பிட வேண்டும். எட்டாவதோடு நின்றவள். நாகப்பட்டினத்தில் அவள் அப்பா படகு மோட்டார் பழுது பார்க்கிறவர். அங்கேயே வளர்ந்ததால் எஞ்சின் எல்லாம் அத்துப்படியாம். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் தெருவில் முதல் பட்டம். அதை வைத்து என்ன செய்ய?

9.3.2003, ஞாயிறு

கூத்தாநல்லூர் அப்துல் அஜீஸ் பாய் தன் ரேஸ் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்க விட்டுப் போயிருக்கிறார். ஏப்ரல் 6 தஞ்சாவூரில் மண் ரேஸ். அவர் ஸ்டார்ட் செய்ததுமே அண்ணி, "பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு பாய்" என்றாள். பிரித்தால் அப்படித்தான் இருந்தது.

"வைரக்கண்ணு, ஒன் சம்சாரத்துக்குக் காதுலயே மீட்டர் இருக்குய்யா!" என்றார் பாய் அண்ணனிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாடை வலிக்கிறது.

22.3.2003, சனி

அப்பாவுக்கு நோட்டீஸ். கோயில் நிலத்தை இரண்டு போகம் தரிசு போட்டோமாம், குத்தகையை ரத்து செய்யப் போகிறார்களாம். ஆற்றில் தண்ணீரே வராமல் எதை நடுவது? மனு எழுதிக் கொடுத்தேன். அப்பா படிக்கத் தெரியாமல் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி எட்டிப் பார்த்து, "எவ்ளோ அழகா எழுதுறீங்க செவ்வந்தி" என்றாள். நடிப்பு.

27.3.2003, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் உள்ளே காய்ந்து, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கலந்து முடித்ததும் கேனின் கழுத்தில் அண்ணி சிவப்புத் துணி கட்டுவாள், அவளுடைய பழைய புடவைக் கிழிசல். படகில் அவள் அப்பா செய்கிற வழக்கம். துணி இருந்தால் கலந்தாயிற்று.

காலையில் கேன் துணியில்லாமல் இருந்தது. பக்கத்தில் காலி ஆயில் பாட்டில். கலந்துவிட்டுக் கட்ட மறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மறந்ததை நான் கவனித்தேன் என்று அண்ணனுக்குத் தெரியட்டும் என்று நானே கட்டினேன்.

அண்ணன் வண்டியில் ஊற்றும்போது பார்த்தேன். கலந்த பெட்ரோல் கொஞ்சம் கருத்து விழும். இது தெளிவாக விழுந்தது. ஆயில் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஏன்? வெட்கமா? இல்லை. கூச்சத்தின் மேல் பழி போடாதே செவ்வந்தி. திட்டு அவளுக்கு விழும் என்று தெரியும். விழட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் தரிசு வயலில் அஜீஸ் பாய் ஓட்டிப் பார்த்து மூன்றாவது சுற்று வரும்போது வண்டி கிறீச்சிட்டு நின்றது. பாய் வரப்பில் போய் விழுந்தார். முழங்கை சிராய்ப்பு. அவர் விழுவார் என்று நினைக்கவே இல்லை – அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

28.3.2003, வெள்ளி

பிரித்தார்கள். பிஸ்டன் ஓரமெல்லாம் இழுத்துப் போயிருக்கிறது. சிலிண்டர் உள்சுவரில் வெள்ளி வெள்ளியாகக் கோடுகள்.

"துணி கட்டியிருந்துச்சே! ஒன்னத் தவிர யாரு கட்டுவா?" என்று அண்ணன் கத்தினான். "நான் கட்டலீங்க, ஆயில் தீந்திருந்துச்சு" என்றாள் அண்ணி. அப்புறம் குரல் இறங்கி, "கட்டுனனா..." என்றாள்.

"இனிமே பட்டறப் பக்கம் வராத. போய் ஒல வையி."

நான் ஆசைப்பட்டது இதுதானே?

29.3.2003, சனி

அண்ணன் கையை நீட்டினான். ஸ்பானர் கொடுத்தேன். தப்பான நம்பர்.

30.3.2003, ஞாயிறு

சிலிண்டரைக் கடைந்து பெரிது பண்ண வேண்டும், அதற்கேற்ற பெரிய பிஸ்டன் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்கிறான் அண்ணன். ரேஸுக்குள் நடக்காது. பாய் இனி இங்கே வரமாட்டார்.

அண்ணன் சாமான் வாங்கப் போன நேரத்தில் அண்ணி சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நகத்தால இழுத்துப் பாக்கணும். மாட்டுனா வெட்டு, கடைஞ்சுதான் ஆகணும். மாட்டலன்னா பிஸ்டன் அலுமினியம் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். எனக்கு நகமே இல்ல, எல்லாம் தேஞ்சுபோச்சு. நீங்க பாருங்க."

வலது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு நகத்தால் இழுத்தேன். எங்கும் மாட்டவில்லை. வழவழவென்று மேடு, பள்ளம் இல்லை.

மாட்டுகிறது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை.

"மாட்டல" என்றேன். வாய் திறந்த வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது – துணி கட்டியது நான், ஆயில் இல்லை என்று தெரிந்தும் சும்மா நின்றது நான்.

அண்ணி சிலிண்டரைக் கீழே வைத்தாள். அப்புறம், "ரெண்டு நாளா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றாள். "அவர்ட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

31.3.2003, திங்கள்

சொன்னேன். அஜீஸ் பாயும் இருந்தார், கையில் கட்டோடு. என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒன்னையா படிக்க வச்சோம்" என்றான்.

பாய்தான் அண்ணனிடம், "சரி விடு, சிலிண்டருக்கு வழி சொல்லு" என்றார்.

அது எனக்குத் தெரியும். உள்சுவர் வார்ப்பிரும்பு, ஒட்டியிருப்பது அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பை விட்டுவிடும். சோப்புக் கடையில் வாங்கி, கையுறை போட்டு, குச்சியில் துணி சுற்றிக் கோடுகளின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தேன். வெளிப்பக்கமும் அலுமினியம்தான், அங்கே ஒரு சொட்டு படக்கூடாது. நுரைத்தது. கழுவினேன், மறுபடி வைத்தேன். நாலாவது தடவை சுவர் ஒரே நிறமாக இருந்தது. அண்ணி வந்து பார்த்தாள். எமரி உப்புத்தாளை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். அண்ணன் போகச் சொல்லவில்லை.

7.4.2003, திங்கள்

புது பிஸ்டன், புது ரிங். பழைய அளவே பொருந்திவிட்டது. பாய் நேற்று ரேஸில் நாலாவதாக வந்தாராம். "வண்டி நல்லாருக்கு, கைதான் வலிச்சுது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

12.6.2003, வியாழன்

இந்த வருஷமும் மேட்டூர் திறக்கவில்லை. அப்பாவின் மனுவுக்குப் பதிலும் இல்லை.

அண்ணன் கை இன்னும் அவள் பக்கம்தான் நீள்கிறது. பார்த்தால் இன்னும் எரிகிறது. ஆனால் இன்று அண்ணி வண்டிக்கு அடியிலிருந்து கையை நீட்டினாள், என் பக்கமாக. பத்தாம் நம்பர் ஸ்பானர். கேட்காமலே கொடுத்தேன்.

சாயங்காலம் நகங்களை வெட்டினேன், கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.