அம்மா தவறாமல் குடித்த ஆரஞ்சு மாத்திரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். போன மாதம் முழுக்க இதையே உன்னிடம் போனில் பொய்யாகச் சொன்னேன், இன்றைக்குத்தான் மெய்யாக எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை பதறாதே, ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு ஆறு வருஷமாக மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம் அல்லவா, அதோடு வருகிற இரும்புச்சத்து வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது, அதை இறக்கத்தான் தினமும் ஒரு மாத்திரை. அதை எடுத்துக்கொள்ள ஆயிரம் சாக்கு சொல்வாள். ஆனால் நீ அனுப்பினாயே, தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிற ஆரஞ்சு மாத்திரை, அந்த விட்டமின் சியை மட்டும் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று ஒரு வேளை விடவில்லை. "என் பொண்ணு அனுப்புனது, தெம்பா இருக்கு" என்று பெருமை வேறு. மூன்றாவது வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சு படபடக்கிறது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறது என்றார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு ஒன்றுமே இல்லை என்று சாதித்தாள், விட்டமினை அவள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்தான் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். நர்ஸ் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மிஞ்சிய இரும்பை நம் உடம்பின் செல்கள் உள்ளேயே பூட்டி வைத்திருக்குமாம். "மத்தவங்களுக்கு விட்டமின் சி காவல்காரன் மாதிரி. இவங்க உடம்புல இவ்வளவு இரும்பு இருக்கறப்ப, அதிகமா போனா அதுவே பூட்டைத் திறந்துவிட்டுடும்" என்றார். வெளியே வந்த இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து இதயத்தின் செல்களையே அரிக்குமாம். முப்பது வருஷம் பஸ் பட்டறையில் துரு சுரண்டியவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மறைப்பானேன், ஒரு நிமிஷம் உன்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே டாக்டர், இரும்பை இறக்குகிற மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தேடினால் தலையணை உறைக்குள் நாற்பத்தோரு மாத்திரை. பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அதனால் நீ அழாதே, பாசத்தில் அனுப்பினாய், டாக்டரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

விட்டமினை நிறுத்தி, இரும்பை இறக்கும் மருந்தை ஊசி வழியாகப் பல நாள் ஏற்றினார்கள். நேற்றைய ஸ்கேனில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. டாக்டர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான்தான் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து, "யாருக்கு ஸ்கேன் எடுத்தாங்க?" என்று சிரித்தாள்.

இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்று அவள் உத்தரவு. "சொன்னா பயந்துடுவா, அப்புறம் எதுவுமே அனுப்ப மாட்டா" என்கிறாள். ஆகையால் தெரியாத மாதிரியே இரு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். மறக்காமல் சீக்கிரம் ஏதாவது அனுப்பு, ஒரு ஸ்வெட்டர் போதும், வயிற்றுக்குள் போகாததாக இருக்கட்டும்.

உன் நன்மையே நினைக்கும்
அப்பா