நீ போய் வந்த வீடு

பெயிண்ட் இன்னும் காயவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி வாசலில் சாய்ந்து நின்றுவிட்டு, கறுப்பு அபாயாவின் தோளெல்லாம் பச்சையாக உள்ளே வந்தாள். "இதாரு டீச்சர், புதுப் பேரு?" என்று கேட்டாள். வகுப்பு நடக்கும் நூலக மண்டபத்தின் முகப்பில் மூன்று மொழியிலும் உன் பெயர். அதன் கீழே 'இளைஞர்களின் வழிகாட்டி' என்று ஒரு வரி. பெயிண்டின் நெடி மூக்கில் ஏறியபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மண்ணெண்ணெய் எடுத்து வந்து அவளுடைய தோளைத் துடைத்துவிட்டேன்.

போன கிழமை உன் தம்பி வந்திருந்தார். உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்கதானே ராத்தாட பழைய கூட்டாளி. நல்லதா நாலு வரி எழுதித் தாங்க" என்றார். நல்லதாக எழுத என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்த வகுப்பு உன் யோசனை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்பிள்ளைகளைப் பற்றி நீதான் ஒருநாள் பேச்செடுத்தாய். "இந்த ஊர ஆரு நடத்துறாங்க எண்டாவது இதுகளுக்குக் காட்டுவம்கா." நூலகத்தின் பின்னறையில் கதிரைகளை வளைத்துப் போட்டு, ஒருத்தியை மேயராக்கி, ஒருத்தியை ஆணையாளராக்கி, மற்றவர்களை உறுப்பினர்களாக்கி ஒரு சபையே நடத்தினாய். எரியாத தெருவிளக்கைப் பற்றிக் கேட்டபோது, மேயராக இருந்த பிள்ளை பெரிய மனுஷித்தனமாக "பார்ப்பம்" என்றாள். நீ எழும்பி வந்து மேசையில் தட்டினாய். "பார்ப்பம் எண்டது பதில் இல்ல. எந்தக் கிழமை எண்டு கேளுங்க!" பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். நானும் சிரித்தேன். உன்னைப்போல ஒரு ஆசிரியை நான் கண்டதில்லை. அதனால்தான் பிறகு நடந்தது இவ்வளவு அருவருப்பாக இருக்கிறது.

பொதுச்சந்தை மலசலகூடம் றிபாயா கொண்டுவந்த விஷயம். ஒல்லியான பிள்ளை, தொண்டை மட்டும் பெரிது. சந்தையில் பெண்களுக்கென்று கட்டிய மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறது என்றும், உள்ளே ஒரு வியாபாரி வெங்காய மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார் என்றும், பூட்டின் திறப்பும் அவரிடமே இருக்கிறது என்றும் சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். பெரியநீலாவணையிலிருந்து கீரை கொண்டுவரும் அம்மாவிடம் "அவசரத்துக்கு என்னம்மா செய்யிற?" என்று நீதான் கேட்டாய். "தண்ணி குடிக்கிறல்ல பிள்ள. ஊட்ட போய்த்தான் குடிக்கிற" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ கொதித்தாய். இதை மாநகர சபைக்குக் கொண்டுபோகாமல் விடமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு முன்னால் சத்தியம் மாதிரிச் சொன்னாய்.

கொண்டுபோகும் வழியும் வந்தது. பெண்களுக்குக் கட்டாயம் கொடுக்கவேண்டிய ஆசனத்துக்குக் கட்சிக்காரர்கள் ஆள் தேடி அலைந்தார்கள். உன் பெயரை எடுத்துக் கொடுத்தவர் அந்த வெங்காய வியாபாரிதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உனக்கு முதலே தெரியும். நீ உறுப்பினரானதும் பிள்ளைகள் வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தார்கள். றிபாயா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நம்மட டீச்சர் உள்ளுக்கு இருக்கிறா" என்றாள். உனக்கு அது ஞாபகம் இருந்ததா, பிறகு?

நீ சந்தை விஷயம் பேச இருந்த அமர்வுக்குப் பிள்ளைகளைப் பார்வையாளர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ கேட்பாய் என்று வந்தவர்கள். எல்லோரும் தோய்த்து அழுத்திய உடுப்பில் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்கள். உன் முறை வந்தது. நீ வீதிக்குக் கொங்கிறீட் போட்டதற்கு நன்றி சொன்னாய், தலைவருக்கு நன்றி சொன்னாய், உட்கார்ந்துவிட்டாய். மலசலகூடம் என்ற சொல் உன் வாயில் வரவில்லை.

கூட்டம் கலைந்தபோது படிக்கட்டில் றிபாயா உன்னை மறித்தாள். "டீச்சர், சந்தை விஷயம்?"

"பார்ப்பம்."

"எந்தக் கிழமை டீச்சர்?"

நீ கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆண் உறுப்பினர்கள் சிரித்தார்கள். உன் முகம் கறுத்ததை நான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் பயந்துவிட்டாய் என்று நினைத்திருப்பேன். பயத்தை மன்னிக்க முடியும். ஆனால் நீ அஸர் தொழுகைக்குப் பிறகு றிபாயாவின் வீட்டுக்குப் போனாய். அவளுடைய வாப்பா நெல் ஆலையில் லொறி ஓட்டுபவர். உறுப்பினர் வீடு தேடி வந்த மரியாதையில் அந்த மனுஷன் கடையில் சோடா வாங்க ஓடினாராம். நீ சோடாவைக் குடித்துவிட்டு, ஒரு தாய் பேசுவதுபோலப் பேசினாயாம். "குமருப் புள்ள சந்தைக்குள்ள ஆம்புளைகளோட நிண்டு கதைக்கிறாளாம் எண்டு ஊருக்குள்ள பேச்சு வருது. நாளைக்கு ஒரு சம்மந்தம் வாறதில்லையா? என்ட புள்ள மாதிரி எண்டுதான் வந்து சென்னன்."

ஊருக்குள் அப்படி ஒரு பேச்சும் இருக்கவில்லை. அந்த வாசலில் நீ இறக்கி வைத்த பிறகுதான் அது ஊருக்குள் நடமாடத் தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை றிபாயா வரவில்லை. தேடிப் போனேன். அவளுடைய உம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "வாப்பா வேணாமெண்டுட்டாரு டீச்சர். உங்கட கூட்டாளிதானே வந்து சென்னவ. உங்களுக்குத் தெரியாதா?" உள்ளே அவள் அழுவது கேட்டது. அந்தப் பெரிய தொண்டையை அமுக்கிக்கொண்டு அழுதாள். அவளை உயர்தரம் படிக்க அனுப்பவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் சம்மாந்துறையில் நிக்காஹ் முடிந்தது.

நான் உன்னிடம் நேரே வந்து கேட்டேன். நீ சபைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாய், கண்ணாடிக்கு முன்னால் முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டு. "அவள்ற நன்மைக்குத்தான் செஞ்சன்" என்றாய். கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாய். என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு உன் வாசலை நான் மிதிக்கவில்லை.

மலசலகூடம் திறந்தது. உன்னால் அல்ல. சபையின் காலம் முடிந்து, உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையாளர் மட்டும் இருந்த நாட்களில், மிச்சமிருந்த பிள்ளைகளும் கீரைக்கார அம்மாவும் மீன் விற்கும் இரண்டு பெண்களுமாக அவருடைய கந்தோர் வாசலில் காலையிலிருந்து காத்து நின்றோம். கடைசியில் அவர் எழும்பி வந்து பார்த்தார். மூட்டைகள் வெளியே வந்தன. திறப்பு விழா என்று ஒன்றை வைத்தபோது றிபனை வெட்டியவள் நீ. முன்னாள் உறுப்பினராம். எங்கள் பிள்ளைகள் சனத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நோய் முற்றி, நீ படுக்கையில் கிடந்தபோது என்னை அழைத்தாய். போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்த உன்னைக் கண்டு உள்ளே ஏதோ இளகியது உண்மை. நீ மாப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். "அந்த ஆம்புளைகளுக்கு நடுவுல தனியா இருந்து பாருகா, அப்ப விளங்கும்" என்றாய்.

"தனியா இருந்திருந்தாலும் ஒரு புள்ளட ஊட்டுக்குப் போயிருக்கமாட்டன்" என்றேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நம் கடைசிப் பேச்சு அதுதான்.

ஜனாஸாவை எடுக்க முன்னர் உன் தம்பி முற்றத்தில் நின்று, மௌத்தானவர் யாருக்காவது தவறு செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டார். உள்ளே பெண்கள் எல்லோரும் "பொருந்திட்டம்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகொரு நாள் சந்தையில் றிபாயாவைக் கண்டேன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. குரல் சின்னதாகிவிட்டது. பெரிய மகளை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டு வந்து, "நல்லாக் கழுவி வெச்சிருக்காங்க டீச்சர்" என்றாள். நீ மௌத்தான செய்தி தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பொருந்தினாயா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "நிறையத் தரம் பாத்தன் டீச்சர். வருதில்ல." பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவளுக்கே வராததை நான் எங்கிருந்து எடுத்துத் தருவது? உன் தம்பிக்கு இன்னும் நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியது இதுதான். இதை அவர் போடமாட்டார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சிய பழக்கம் ஒன்று உண்டு. இப்போது ஒரு பிள்ளையை வகுப்பில் சேர்க்க முன்னர் நான் அவளுடைய வீட்டுக்குப் போகிறேன். வாப்பாவும் உம்மாவும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், சபை என்றால் என்ன, உங்கள் மகள் அங்கே என்ன கேட்பாள், எங்கே போவாள், யாரோடு கதைப்பாள் எல்லாவற்றையும் சொல்கிறேன். போன கிழமை ஒரு வாப்பா, கடலுக்குப் போகிறவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு யோசித்தார்.

"இதுகள் இப்பிடிக் கேள்வி கேட்டா, ஆராவது ஊட்ட வந்து சண்ட புடிப்பாங்களா டீச்சர்?"

"சண்ட புடிக்க மாட்டாங்க" என்றேன். "சலாம் சொல்லிக்கொண்டு வருவாங்க. உங்கட மகள்ள நல்ல பாசமா இருப்பாங்க. அப்பிடி ஆரும் வந்தா, சோடா வாங்க ஓடாம, முதல்ல எனக்கு ஃபோன் எடுங்க."