வரிசை 147

மார்ச் 3
அண்ணன் ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். எங்கள் ஹீட்டர் கம்பெனியின் இணையதளம் கூகுளில் நாலாம் பக்கத்தில் கிடக்கிறதாம். பழைய பக்கங்களைத் தூக்கினால் மேலே வருமாம். ஆசாமி கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் ஏற்றி வைத்திருக்கிறார். ஒன்பது வருடமாகத் தளத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா அண்ணன்?

மார்ச் 5
நெற்றிக்கண்ணாடி பட்டியல் அனுப்பினார். மாதம் பத்துப் பேர்கூடப் பார்க்காத பக்கங்கள், 212. நீக்க வேண்டியதற்கு நான் டிக் போட வேண்டும். "ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்து போடுங்கம்மா." எனக்கே பாடம் எடுக்கிறார்.

மார்ச் 6
போட்டுத் தொலைத்தேன்.

மார்ச் 11
இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டோம். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எனக்கு ஏதோ இடிக்கிறது.

மார்ச் 14
பழைய கேஸ் ஹீட்டரின் எச்சரிக்கைப் பக்கத்தைக் காணோம். ஜன்னல் இல்லாத குளியலறையில் ஓடவிட்டால் நச்சுக்காற்று தேங்கி ஆளையே கொல்லும், உடனே நிறுத்துங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நானே எழுதியது.

அண்ணனிடம் கேட்டேன். "அது எந்தக் காலத்துக் கதை? இன்னுமா அத வச்சிருக்கப் போறாங்க?" என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஓஹோ. கூகுள் எல்லாம் சாக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து.

மார்ச் 15
அண்ணியிடம் புலம்பினேன். "உனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாலும் ஏன் குடுத்தாங்கன்னு யோசிப்ப," என்றாள். அவளுக்கும் தெரியுமோ?

மார்ச் 16
கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று பட்டியலைத் திறந்தேன். யார், எப்போது டிக் போட்டார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும்.

வரிசை 147. அந்த எச்சரிக்கைப் பக்கம். ஓரத்தில் நெற்றிக்கண்ணாடியின் குறிப்பு: 'பாதுகாப்பு விஷயம். இதை வைத்துக்கொள்ளலாமே?' டிக் போட்டது நான். 212 பக்கத்துக்கும் நாலே நிமிஷம்.

நானா? நானேதான். அந்தக் கோபத்தில் எதைப் படித்தேன்?

பக்கத்தைத் திரும்ப ஏற்றிவிட்டு அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "நம்ம தளத்தோட முதல் பக்கத்துலயே போடு," என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 19
ஒரு பெண் போன் செய்தாள். "போன வாரமே தேடினேங்க, அந்தப் பக்கம் இல்லன்னு வந்துச்சு. பிரச்சனை சரியாயிடுச்சு போலன்னு நெனச்சு ஹீட்டரப் போட்டுட்டோம். பாப்பாவுக்கு ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. இன்னிக்குப் பாத்தா அந்த எச்சரிக்கை மறுபடியும் இருக்கு."

"நிறுத்துங்க. பாப்பாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க." முகவரி வாங்கி, ஹீட்டரைக் கழற்ற மெக்கானிக்கை அனுப்பினேன்.

மார்ச் 21
மெக்கானிக் கழற்றி வந்த ஹீட்டரை என் மேஜைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். குழந்தை தேறிவிட்டாளாம். நானே போன் செய்து, குழந்தையின் குரலைக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.