ஈரச் சாக்கைச் சுருட்டிய நாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏழு கடலையும் ஒரே டிரம்மில் அடக்கிய மகாவீரனாகிய உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அம்மாவும் நலம். மூட்டுவலிக்குத்தான் அவளைப் பிரிய மனமில்லை.

அரசுக் குடியிருப்பு கட்டுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். புதிதாகப் போட்ட கான்கிரீட் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரமாக வைத்திருப்பது. மற்றவர்கள் தளத்தில் பாத்தி கட்டிக் குளம் குளமாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். நான் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிடுவேன். சூரியனே இறங்கி வந்து காலில் விழுந்தாலும் ஒரு சொட்டு கிடைக்காது. தண்ணீர் லாரி பாதியாகக் குறைந்தது. மேலிடம் மயங்கி விழாத குறை.

அங்கேதான் வினை வந்தது. தண்ணீரை மிச்சம் பிடித்ததற்குப் பரிசு கொடுக்கப் பெரியவர்கள் வருகிறார்கள், அழுக்குச் சாக்கு போட்டோவில் அசிங்கமாக இருக்கும், எடுத்துவிடுங்கள் என்றார் சூப்பர்வைசர். மேல்மாடித் தளம் முந்தின நாள்தான் போட்டது. போட்டோவுக்காகப் பவுடர் பூசி நின்ற நானும் சேர்ந்துதான் சுருட்டினேன். சாக்கு குப்பை வண்டியோடு போனது. பரிசு வாங்கிய இடத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று லாரியையும் நிறுத்திவிட்டார்கள். அனல் காற்றில் தளம் கோடு கோடாக வெடித்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது.

உடைத்துப் புதிதாகப் போடச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். "உடைச்சா மிச்சம் பண்ண தண்ணியெல்லாம் அதுலயே போயிடும். வாங்கின பரிசைத் திருப்பிக் குடுக்கவா? பேசாம இருங்க" என்றார். சிமெண்ட் பால் ஊற்றி வெள்ளையும் அடித்தாயிற்று.

அந்தத் தளத்துக்கு நேர் கீழேதான் உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் வீடு. உன் அம்மா ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாள். விரிசலைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். "கொசு கடிச்சாலே யானை மிதிச்சுதுன்னு சொல்றவன்தானடா நீ" என்றாள். வாழ்நாள் முழுக்க அளந்துவிட்டதற்குக் கிடைத்த கூலி.

மாப்பிள்ளை, வீடு உன் பெயரில் இருக்கிறது. வீட்டை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் வரும். தளத்தைச் சோதிக்காமல் போடாதே. வீடே கைநழுவினாலும் போகட்டும். அவள் அந்த வாடகை அறையில் உட்கார்ந்து என்னைத் திட்டட்டும். கட்டில் போட அவள் பார்த்து வைத்திருக்கும் மூலைக்கு மேலேதான் பெரிய விரிசல். வெள்ளையைச் சுரண்டினால் என் சுண்டுவிரல் நகம் உள்ளே போகிறது. கூட்டிச் சொல்லவில்லை.

நீ சொன்னால் கேட்பாள். சீக்கிரம் சொல். நீ நன்றாக இரு, அவளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா