குழம்பில் பிழிந்த மீன் எண்ணெய்

செவ்வாய், இரவு.

துபாயிலிருந்து மகன் அனுப்பும் மீன் எண்ணெய் மாத்திரையை என் வீட்டுக்காரர் விழுங்கமாட்டார். உறையில் இருக்கும் ஜெலட்டின் ஹலாலா என்று சந்தேகம். இவருக்கோ பெருத்த உடம்பு, போதாததற்கு மறதி. அதனால் மாத்திரையை ஊசியால் குத்தி, எண்ணெயை மட்டும் மீன் குழம்பில் பிழிந்துவிடுவேன். "ஏட்டி, குழம்பு ஏன் இப்படி நாறுது?" என்று தினமும் சண்டைக்கு வருவார்.

இன்று குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர், வீட்டுக்கு வழி தெரியாமல் மேலகரத்தில் நின்றிருக்கிறார். தெரிந்த ஆட்டோக்காரர்தான் கொண்டுவந்து விட்டார். அந்தப் பயத்தில் மூன்று மாத்திரைகளைப் பிழிந்துவிட்டேன். நாற்றம் எனக்கே தாங்கவில்லை.

அவர் வழித்துச் சாப்பிட்டார். "நல்லாருக்குட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

யா அல்லா, ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.