இல்லை என்று கண்டுபிடித்த உன் மகள்

மேலே போயும் என்னை அதட்டிக்கொண்டிருக்கும் என் அக்காவுக்கு,

உன் மகள் கோமு ஜெயித்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். மற்றதை நிதானமாகக் கேள்.

"அந்தப் பிள்ள அப்படி என்னதாம்ல படிக்கா?" என்று கடைசிவரை கேட்டாயே. அப்போது நான் சொன்னதைவிட நல்ல பதில் இப்போது இருக்கிறது.

பற்பசையில் போடுகிறார்களே ஃபுளூரின், அது நட்சத்திரத்துக்குள் உண்டாகிறது. அங்கேயே அழியவும் செய்கிறது. புரோட்டான் என்று ஒரு துகள் வந்து அதில் மோதும். எல்லா மோதலும் பலிக்காது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் அதன் வேகத்துக்கு ஒத்து ஓடினால்தானே படியில் கால் நிற்கும்? அப்படிச் சரியான வேகத்தில் வந்த புரோட்டான் உள்ளே ஏறிவிட்டால், ஃபுளூரின் உடைந்து ஆக்சிஜனும் ஹீலியமுமாகப் போய்விடும். இதற்குப் பெயர் ஒத்ததிர்வு. பூச்சந்தையில் என் கடைமுன் நின்று இதை நான் விளக்கியபோது மல்லிகை ஏலமே நின்றுவிட்டது, அக்கா.

குறைந்த வேகத்தில் அப்படி ஓர் ஒத்ததிர்வு இருக்கும் என்று பெரிய ஆட்கள் எழுதியிருந்தார்கள். அதை மோதவிட்டு அளக்கத்தான் கோமு வெளிநாட்டில், வானத்துக் கதிர்கள் வந்து குழப்பாதபடி மலையைக் குடைந்து கட்டிய ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அந்த மலைக்கு முன்னால் நம் குற்றால மலை ஒரு குட்டிச்சுவர். நம் பிள்ளை தேடினால் கிடைக்காமலா போகும்? பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் வைத்தேன்: 'நட்சத்திரத்தில் ஒத்ததிர்வு கண்டுபிடித்த எங்கள் கோமு'. முடிவு வரட்டும் என்று காத்திருந்து பேனர் அடிக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் எப்போது இருந்தது?

மறுவாரம் போன் செய்து அழுதாள். "மாமா, அது அங்கன இல்லவே இல்ல. எல்லாத்தையும் போட்டுட்டு ஊருக்கு வந்துரட்டுமா? பாங்க் பரீட்சை எழுதுதேன்."

அவளைப் படிக்கவைக்கத் தறியில் நின்று நின்று வீங்கிய உன் கால்தான் எனக்கு நினைவில் வந்தது.

"ஏட்டி, நல்லா அளந்தியா?"

"திரும்பத் திரும்ப அளந்தாச்சு மாமா."

"அப்ப இல்லாதது இல்லதான? அதை எழுது. இங்கன வந்து என்ன செய்யப் போற?"

அவள் பேராசிரியரும் மறுநாள் இதையேதான் சொன்னாராம். மனுஷன் முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கலாம்.

பிளெக்ஸில் ஏறி, 'ஒத்ததிர்வு'க்குப் பக்கத்தில் 'இல்லை என்று' எழுதி ஒட்டினேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி கீழே நின்று, "இல்லாததக் கண்டுபிடிக்க வெளிநாடு எதுக்கு வே? இங்கன இருந்தே நான் சொல்லுவேனே" என்றார்.

"வயித்துல கட்டி இல்லன்னு சொன்ன டாக்டருக்கு நீரு ஏன் வே கும்பிடு போட்டீரு?" என்றேன். அதற்குப் பிறகு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் அவள் கட்டுரை வெளியாகிவிட்டது. அங்கே அவள் ஆய்வு வேலையையும் நீட்டித்துவிட்டார்கள். "நெனச்ச அளவுக்கு ஃபுளூரின் அழியல மாமா, நெறைய தப்பிச்சுருக்கு. நம்ம பல்லுலயும் எலும்புலயும் இருக்கிறது அப்படித் தப்பி வந்ததுதான். அம்மா எலும்புலயும்" என்றாள்.

உன் எலும்பைப் பொறுக்கிப் பாபநாசத்தில் கரைத்த கை இது. நட்சத்திரத்துக்கே தப்பியதையா அக்கா நான் ஆற்றில் விட்டேன்?

அவள் இனி எதைத் தேடி எது இல்லாமல் போனாலும், படிப்பை விட்டுவிட்டு வா என்று ஒருவரையும் அவளிடம் சொல்லவிடமாட்டேன். எத்தனை 'இல்லை' கொண்டுவந்தாலும் அத்தனைக்கும் என் கடையிலிருந்து மாலை போகும். இது சத்தியம்.

கோமுவின் தாய்மாமன்,
என்றைக்கும் உன் தம்பி